ஊர்ப் பழைய செக்கை மறுபடி ஓட்டணுமா? கல்லைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பரைத் தொடுங்க

செட்டிநாட்டுல எந்த ஊருக்குள்ள போனாலும் ஒரு சந்துல, ஓடு சரிஞ்ச கொட்டகைக்குள்ள, இல்லாட்டி கருவை மண்டின பொட்டல்ல ஒரு பழைய செக்கு கிடக்கும். உரல் நல்லாவே இருக்கும், உலக்கை பாதி உளுத்துப் போயிருக்கும், நுகத்தடியை யாராவது அடுப்புக்குக் கொண்டுபோயிருப்பாங்க. காரைக்குடி பக்கத்துல எங்க ஊர்ல அப்படிக் கிடந்த ஒரு கல் செக்கை நாங்க கொஞ்சப் பேரு சேர்ந்து எடுத்துக் கட்டி இப்போ வாரம் ரெண்டு காலையில மாடு பூட்டி எள்ளு ஆட்டுறோம், கானாடுகாத்தான் ஆத்தங்குடின்னு வீடும் டைல்ஸும் பாக்க வர்றவங்க அப்படியே இங்கயும் வந்து பாத்துட்டு எண்ணெய் வாங்கிட்டுப் போறாங்க. இதைப் பாத்துட்டு "எங்க ஊர்லயும் ஒண்ணு கிடக்கு, என்ன பண்ணணும்"னு நிறையப் பேரு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். செக்கைச் சரி பண்றது சின்ன வேலை. ஆளைத் தின்னது பூரா பத்திரம், கையெழுத்து, ரெஜிஸ்ட்ரேஷன்தான். அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க, குறிப்பா தச்சரை முதல் நாளே கூட்டிட்டு வந்துடாதீங்க.

1. இடம் யாரோடது, கொட்டகை யாரோடது, செக்கு யாரோடது

இது மூணும் ஒரே ஆளோடதா இருக்கும்னு நினைக்காதீங்க. மனை ஒரு வீட்டுக்காரங்களோடது, கொட்டகை போட்டது செக்கு ஓட்டுன குடும்பம், உரல் கோயிலுக்கு எண்ணெய் ஆட்டக் குடுத்ததுன்னு மூணு கதை இருக்கும். வாய்ச்சொல்லுக்கு எந்த ஆபீஸ்லயும் மதிப்பு கிடையாது, சர்வே நம்பரைக் கண்டுபிடிச்சு இதையெல்லாம் எடுத்து ஒரு ஃபைல்ல போடுங்க: பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊர் நிலக் கணக்குப் பதிவேடு), எஃப்எம்பி வரைபடம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று. பட்டாவும் அ-பதிவேடும் வருவாய்த்துறை இணையதளத்துலயே வந்துடும். வில்லங்கம் ஆன்லைன்ல பெரும்பாலும் 1975-க்கு இந்தப் பக்கம்தான் கிடைக்கும், அதுக்கு முந்தினது வேணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு குடுத்து தேடச் சொல்லணும், அதுக்குத் தனியா நாள் ஒதுக்கிக்கோங்க.

பட்டாவுல கொள்ளுத்தாத்தா பேரு இருந்தா (முக்காவாசி இடத்துல அப்படித்தான் இருக்கும்) தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்று வாங்கி வரிசையா கீழ கொண்டுவரணும். நடுவுல சுவீகாரம் போன பையன் ஒருத்தர் இருப்பாரு, அவரை விட்டுட்டு எழுதிட்டா பின்னாடி அதுலதான் கேஸ் வரும்.

கோயில் இடமா இருந்தா வேற ரூட். அறநிலையத்துறைச் சட்டம் 34-ம் பிரிவுப்படி 5 வருஷத்துக்கு மேல குத்தகைன்னா கமிஷனர் அனுமதி வேணும், அது இல்லாமப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. "நிர்வாகி வாய்விட்டுச் சொல்லிட்டாரு, நம்ம ஊரு கோயில்தானே"ங்கறது வேலைக்கு ஆகாது.

பஞ்சாயத்துப் புறம்போக்கா இருந்தா கிராம சபையில தீர்மானம் போட வைங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள்தான் வழக்கமா சபை கூடும், ஒரு தேதியை விட்டா அடுத்ததுக்குக் காத்துக் கிடக்கணும். தீர்மானம் போட்டா மட்டும் பத்தாது, நகலை சீல் வச்சு கையில வாங்கிக்கோங்க. இதுல ஒரு நல்லதும் உண்டு, பொதுச் சொத்தா இருந்தா நமக்கு நாமே திட்டத்துல கேக்கலாம், மூணுல ஒரு பங்கு ஊர்ல திரட்டினா மிச்சத்தை அரசாங்கம் போடும்.

இன்னொண்ணு, திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல்துறைச் சின்னம் பக்கத்துல இருந்தா 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடமே கூடாது, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். மத்தபடி ஒரு செக்கை ஓட்டிக் காட்டுறதுக்கு தொல்லியல்துறை முத்திரை எதுவும் தேவையில்ல. அதுக்காக ஒரு வருஷம் அலைஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

2. பங்காளிங்க கையெழுத்து

உண்மையான மலை இதுதான். ஒரு செக்குக் கொட்டகைக்கு பதினெட்டுப் பங்கு இருக்கும், அதுல நாலு பேரு சென்னை, ரெண்டு பேரு கோலாலம்பூர், ஒருத்தர் சிங்கப்பூர், ஒரு ஆச்சி மட்டும் ஊர்ல. "எனக்கு ஆட்சேபணை இல்ல, நீங்க பண்ணுங்கப்பா"ன்னு எல்லாரும் வாட்ஸ்அப்ல சொல்லிடுவாங்க. அதை வச்சுக்கிட்டு செலவு பண்ணாதீங்க.

வேண்டியது ரெண்டுல ஒண்ணு, தானப் பத்திரம் இல்லாட்டி நீண்டகாலக் குத்தகை. தானம் யாரும் குடுக்க மாட்டாங்க, பூர்வீகச் சொத்துல ஒரு அடி மண்ணுன்னாலும் மனசு வராது, அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது. அதனால 15 வருஷம், 20 வருஷம்னு குத்தகையாக் கேளுங்க, சுலபமா நடக்கும். ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ணணும். "எதுக்கு ரெஜிஸ்டர் செலவு, 11 மாச அக்ரிமெண்ட் போட்டு புதுப்பிச்சுக்கலாம்"னு யோசனை சொல்ல ஒரு ஆள் கண்டிப்பா வருவாரு, கேக்காதீங்க. 11 மாச பேப்பரைக் காட்டினா எந்த நன்கொடையாளரும் பணம் தர மாட்டாங்க, நல்லா ஓடிக்கிட்டு இருக்கறப்போ ஒரு பங்காளி மனசு மாறினா நீங்க நுகத்தடியைத் தூக்கிட்டு வெளிய வரணும்.

வெளிநாட்டுல இருக்கறவங்க பவர் பத்திரம் அனுப்பணும். அங்க இருக்கற இந்தியத் தூதரகத்துல நேர்ல போய் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லுங்க. அந்தப் பேப்பர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல குடுத்து முத்திரைத் தீர்வை கட்டிடணும். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீங்க, எப்போ வந்துச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி. மூணு மாசம் தாண்டினா மறுபடி தூதரகத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம், அந்த அண்ணன் அடுத்த தடவை லீவு போட்டுப் போவாருங்கறதுக்கு என்ன உத்தரவாதம்?

இதுக்கெல்லாம் குறுக்கு வழி ஒண்ணுதான், படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறது. வீட்டுப் படைப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ எல்லாப் பங்காளியும் ஊருக்கு வருவாங்க, நாட்டரசன்கோட்டைக்காரங்கன்னா தையில செவ்வாய்ப் பொங்கலுக்கு வருவாங்க. தேதி தெரிஞ்ச உடனே பத்திரத்தை ரெடி பண்ணி, சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் போட்டு வச்சுடுங்க. சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போடறப்போ பேச்சை எடுத்தா காரியம் ஆகும், வந்து இறங்கின அன்னிக்கே எடுத்தா பழைய பாகப்பிரிவினைச் சண்டையெல்லாம் வெளிய வரும்.

3. சங்கமா, டிரஸ்ட்டா

தனி ஆள் பேர்ல பண்ணாதீங்க. டிரஸ்ட்டுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிவு பண்ணா முடிஞ்சது. சங்கம்னா 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைஞ்சது ஏழு பேரு வேணும், துணை விதி எழுதணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்குத் தாக்கல் பண்ணணும். வேலை ஜாஸ்தி, ஆனா ஊர்ப் பொதுக் காரியத்துக்கு நான் சங்கம்தான் சொல்லுவேன், டிரஸ்ட்டுல நாலு பேரு உக்காந்துட்டா அப்புறம் எழுந்திரிக்க மாட்டாங்க. செக்கு ஓட்டுன குடும்பத்துல இருந்து ஒருத்தர் அந்த ஏழு பேர்ல இருக்கட்டும். வக்கீல், டைப்பிங், பதிவுன்னு எங்களுக்கு பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சது. அப்புறம் பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட்.

வரிவிலக்குக்கு எல்லாரும் 12ஏ (சங்கத்தோட வருமானத்துக்கு), 80ஜி (நன்கொடை தர்றவங்களுக்கு)ன்னு பழைய நம்பர்லயே பேசுவாங்க. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் அமல்ல இருக்கு, பிரிவு நம்பர், ஃபார்ம் நம்பரெல்லாம் மாறிடுச்சு, அதனால பழைய யூடியூப் வீடியோவைப் பாத்து நீங்களே அப்ளை பண்ணாம ஆடிட்டரை வச்சுப் பண்ணுங்க.

இங்க பெரிய குழி ஒண்ணு இருக்கு, செட்டிநாட்டுக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். மலேசியாவுல இருக்கற மாமா ஆசையா பணம் அனுப்புறேம்பாரு. அவரு இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தா பிரச்சனை இல்ல. மலேசியக் குடிமகனா இருந்தா, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்குத் தர்ற கார்டு) வச்சிருந்தாலும் சரி, அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம சங்கம் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூணு வருஷம் செயல்பட்டிருக்கணும், 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும்னு நிபந்தனை, அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தனி அக்கவுண்ட் வேற. சின்ன சங்கத்துக்கு இது ஆகற காரியமே இல்ல. பணம் போடறவர் பாஸ்போர்ட் முதல் பக்க நகலைக் கூச்சப்படாம கேட்டு வாங்குங்க, பேங்க்ல விழுந்த பிறகு தெரிஞ்சா தலைவலி.

கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் பாரம்பரியப் பாதுகாப்புக்கு வாங்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா மூணு வருஷ அனுபவம் கேப்பாங்க, வரிவிலக்குப் பதிவும் சிஎஸ்ஆர்-1 ஃபார்மும் வேணும், அதனால முதல் வருஷக் கணக்குல அதைச் சேக்காதீங்க.

4. ஓட்டத் தெரிஞ்ச ஆளைப் பிடிங்க

உரலுக்கு முன்னாடி ஆளு. செக்கு ஓட்டுன பெரியவங்க எழுபது எம்பது வயசுல இன்னும் சில ஊர்ல இருக்காங்க. அவரு திண்ணையில உக்காந்து வாய்ல சொன்னாப் போதும், கூட ஒரு இளவட்டம் நின்னு கத்துக்கணும், ரெண்டு பேருக்கும் சம்பளம் பேசிடுங்க. கௌரவமா சால்வை போட்டு அனுப்புறதோட நிறுத்திக்கிறவங்க அதிகம், எனக்கு அது பிடிக்கறதில்ல.

எதுக்கு அவரு வேணும்னா, எள்ளு ஆட்டுறதுல எப்போ தண்ணி தெளிக்கணுங்கறது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எள்ளு முதல்ல மாவாகும், அப்புறம் கறுப்பா ஈரமா உரல் சுவத்துல அப்பும், அந்த நேரத்துல கருப்பட்டியை உடைச்சுப் போட்டு ஒரு கை தண்ணி தெளிக்கணும். கொஞ்சம் முந்தினா சேறு மாதிரி ஆயிடும், பிந்தினா புண்ணாக்கு சூடேறி எண்ணெயில கருகின வாடை வந்துடும். எங்க பெரியவரு பாக்கவே மாட்டாரு, உலக்கை போடற சத்தம் மாறினதும் பக்கத்துல இருக்கற பையனைப் பாத்து "இப்ப"ம்பாரு, அவ்வளவுதான், கொஞ்ச நேரத்துல புண்ணாக்கு ஓரமா ஒதுங்கி நடுவுல எண்ணெய் பளபளன்னு தேங்கும்.

5. உரலும் உலக்கையும்

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ராத்திரியில டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு உரலோட வெளிப்பக்கத்தைச் சுத்திச் சுத்திப் பாருங்க. புதுக்கோட்டைப் பக்கம் எழுத்து வெட்டின கல் செக்கெல்லாம் கிடைச்சிருக்கு. பகல்ல தெரியாத கோடு சாய்ஞ்ச வெளிச்சத்துல தெரியும். எழுத்து மாதிரி ஏதாவது தெரிஞ்சா கம்பி பிரஷ், ஆசிட் எதையும் பக்கத்துல கொண்டுபோகாதீங்க, போட்டோ எடுத்து புதுக்கோட்டை இல்லாட்டி சிவகங்கை அரசு அருங்காட்சியகத்துல காட்டிட்டு மேல போங்க.

எழுத்து இல்லைன்னாலும் ஆசிட் வேண்டாம். வருஷக்கணக்கான எண்ணெய்ச் சிக்கு தார் மாதிரி உறைஞ்சு கிடக்கும், கொதிக்கற தண்ணியும் சீயக்காயும் தென்னை நார் பிரஷும் வச்சுத் தேய்ச்சு தேய்ச்சுத்தான் எடுக்கணும். உரல்ல விரிசல் இருந்தா சிமெண்ட் வச்சுப் பூசாதீங்க, சாப்பிடற எண்ணெய் அதுல படும். வாய் ஓரமா மேலோட்டமான விரிசல்னா கல் தச்சர் இரும்புப் பட்டை கட்டிடுவாரு, அடி வரைக்கும் போயிருந்தா அந்த உரலைக் காட்சிக்கு வச்சுட்டு ஓட்டறதுக்கு வேற பாருங்க.

உலக்கைக்கு வாகை மரம். ஈர மரத்துல செதுக்கிக் குடுத்தா பங்குனிக் காத்துல விண்டுடும், நிழல்ல நல்லாக் காஞ்ச மரமா இருக்கணும், அதனால மரத்தை மட்டும் (மரத்தை மட்டும்தான்!) முன்கூட்டியே வாங்கிப் போட்டு வைக்கலாம். பத்திர வேலை முடியறதுக்குள்ள அதுவும் காஞ்சிருக்கும். நுகத்தடி, செக்கு ஓட்டறவர் உக்கார்ற பலகை மாதிரி சாமான் காரைக்குடி பழஞ்சாமான் கடைகள்ல தேடினா சில சமயம் மாட்டும், ஆனா "ஆன்டிக்"னு வாயைத் திறந்தா விலை மூணு மடங்கு ஆகும், விறகுக்குக் கேக்கற மாதிரி கேளுங்க. உலக்கை, கொக்கி, நுகம், கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு அறுபதாயிரத்தை ஒட்டி வந்துச்சு.

முதல் ரெண்டு மூணு ஆட்டத்துல வர்ற எண்ணெயை விக்காதீங்க, உரலைக் கழுவற ஆட்டம் அது, விளக்குக்கு வச்சுக்கலாம். மோட்டார் பூட்டிடலாம்னு யோசனை வரும். மாடு நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சுத்துதான் வரும், பழைய உலக்கை அந்த நடைக்குச் செஞ்சது, மோட்டார் வேகத்துக்குத் தாங்காது. மோட்டார் செக்கு எண்ணெய் கடைக்குக் கடை கிடைக்குது, அதைப் பாக்க யாரு காரைப் போட்டு வரப்போறா.

6. கொட்டகை

நாட்டு ஓடு, பனஞ்சட்டம், சுண்ணாம்புப் பூச்சு. தகர ஷீட் போட்டா மாடும் நிக்காது மனுஷனும் நிக்க மாட்டான். ஐப்பசி கார்த்திகையில ஓட்டைப் பிரிக்காதீங்க, நம்ம பக்கம் மழையே அப்பதான். மாசியில ஆரம்பிச்சு ஆடிக்குள்ள முடிச்சுடணும். சுண்ணாம்பை முன்னாடியே ஊறப் போட்டுடுங்க. கரையான் மருந்து அடிக்கறதா இருந்தா செக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சிருக்கணும். மொத்தச் செலவுல பாதிக்கு மேல இதுதான், அளவைப் பொறுத்து மாறும், அதனால என் கணக்கைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

7. மாடு

ஒத்தை மாடு இழுக்கற செக்குன்னாலும் ரெண்டு மாடு வச்சுக்கோங்க, மாத்தி மாத்திப் பூட்டலாம். கால்நடை டாக்டர்கிட்ட உடல்தகுதிச் சான்று வாங்கி சுவத்துல மாட்டுங்க, லாடம் பாத்து அடிங்க, ஒரே பக்கமா சுத்துற மாட்டுக்கு ஒரு பக்கம்தான் சீக்கிரம் தேயும். வண்டி மாட்டுக்குன்னு 1965-ல போட்ட விதி ஒண்ணு இருக்கு: ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாம 5 மணி நேரம் தாண்டக் கூடாது, 37 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா மத்தியானம் 12-ல இருந்து 3 வரைக்கும் பூட்டவே கூடாது. செக்குக்குன்னு எழுதினது இல்லைன்னாலும் நாங்க அதைவிடக் கம்மியாவே வச்சிருக்கோம், காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு அவுத்துடுவோம், சித்திரை வைகாசியில அதுவும் பாதிதான்.

"மாட்டு ஷோ, டிக்கெட் 50 ரூபா"ன்னு போர்டு வைக்காதீங்க. காளையை வித்தை காட்டற விலங்காப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2011-லயே மத்திய அரசு அறிவிப்பு இருக்கு, 2017-ல தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தம் ஜல்லிக்கட்டு மாதிரி விளையாட்டுக்குத்தான். நீங்க பண்றது எண்ணெய் ஆட்டற தொழில், அப்படியே சொல்லுங்க. நாங்க டிக்கெட்டே போடல, எண்ணெய் வித்து வர்றதும் உண்டியலும்தான்.

8. எண்ணெய் விக்கணும்னா

சின்ன அளவுன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு போதும், நாங்க எடுத்தப்போ வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ளன்னா வருஷத்துக்கு 100 ரூபாதான் கட்டணம். ஆன்லைன்லயே பண்ணலாம், ஏஜெண்ட்டுக்கு ஆயிரக்கணக்குல குடுக்க வேண்டியதில்ல. ஆட்டற ஆளுக்கும் பாட்டில் பிடிக்கற ஆளுக்கும் மருத்துவச் சான்று வேணும்.

தூக்குவாளியில ஊத்திக் குடுக்கறது பாக்க அழகா இருக்கும், ஆனா சமையல் எண்ணெயை லூஸ்ல விக்கக் கூடாது. பாட்டில்ல அடைச்சு, லேபிள்ல அளவு, விலை, அடைச்ச தேதி, முகவரி, 14 இலக்கப் பதிவு நம்பர் எல்லாம் இருக்கணும், லிட்டர்ல போட்டா எடையையும் சேர்த்துப் போடணும் (ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 910, 920 கிராம்தான் வரும், கிலோன்னு அடிச்சுடாதீங்க). எடையளவுத் துறையில பேக்கர் பதிவும் உண்டு, இதை நிறையப் பேரு மறந்துடறாங்க. "கொலஸ்ட்ரால் குறையும், மூட்டுவலி போகும்"னு லேபிள்ல எழுத ஆசை வரும், எழுதாதீங்க.

ரெண்டரைக் கிலோ எள்ளு போட்டா சுமாரா ஒரு லிட்டர் வரும், அப்புறம் கருப்பட்டி, கூலி, தீவனம். கடை விலைக்கு விக்கவே முடியாது. விலை ஜாஸ்தின்னு ஊர்க்காரங்க முகத்தைச் சுளிப்பாங்க, எள்ளு கொண்டுவந்தா கூலிக்கு ஆட்டித் தர்றோம்னு சொல்லிடுங்க, சண்டை தீந்துடும்.

9. ஆளுங்க வர ஆரம்பிச்ச பிறகு

கூட்டம் கார்த்திகைக் கடைசியில இருந்து மாசி வரைக்கும்தான். கானாடுகாத்தான் பக்கம் இருக்கற பழைய வீட்டு ஹோட்டல்கள்லயும் கைடுங்ககிட்டயும் எந்தக் கிழமை என்ன நேரம்னு எழுதிக் குடுங்க, சொன்ன நாள்ல கட்டாயம் ஓட்டுங்க, ரெண்டு தடவை ஏமாந்துட்டா கைடு அப்புறம் கூட்டிட்டு வர மாட்டான். மாடு சுத்துற வட்டத்துக்கு வெளிய கயிறோ மரத்தடுப்போ கட்டாயம், உலக்கைக்கும் உரலுக்கும் நடுவுல விரல் போனா திரும்பி வராது. பலகையில குழந்தையை உக்கார வச்சு போட்டோ எடுக்கணும்னு கேப்பாங்க, ஓடறப்போ முடியாதுன்னு சொல்லிடுங்க, மாடு அவுத்த பிறகு எடுத்துக்கட்டும். பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒண்ணு எடுத்துடுங்க. கழிப்பறை இல்லாம திறக்காதீங்க.

பத்துப் பேர்ல மூணு பேரு "இது வ.உ.சி. இழுத்த செக்கா"ன்னு கேப்பாங்க. அது கோவை ஜெயில் செக்கு, சென்னை காந்தி மண்டபத்துல இருக்குன்னு பொறுமையாச் சொல்லணும். சினிமா ஷூட்டிங்குக்குக் கேட்டு வருவாங்க, பணம் நல்லாக் கிடைக்கும், ஆனா செக்கை நகத்தக் கூடாது, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கி டெபாசிட்டை முன்னாடியே வாங்கிடுங்க.

மழைக்காலத்துல ஆளே வராட்டியும் வாரம் ஒரு ஆட்டமாவது ஓட்டணும். சும்மா கிடந்தா உலக்கை நுனியில பூசணம் பிடிக்கும், உரல்ல ஒட்டின புண்ணாக்கு சிக்கு வாடை அடிச்சு அடுத்த ஆட்டமே கெட்டுடும். ஆட்டம் முடிஞ்ச கையோட வழிச்சு எடுத்துத் துணியால துடைச்சு மூடிடுங்க, தண்ணி ஊத்திக் கழுவிட்டு அப்படியே விடாதீங்க. மாசக் கணக்கை கொட்டகைப் பலகையில எழுதிப் போட்டு, போட்டோ எடுத்து பங்காளிங்க குரூப்ல அனுப்பிடுங்க, குத்தகையைப் புதுப்பிக்கப் போறப்போ அதுதான் பேசும்.